வண்டி எஞ்சினில் தட்டும் சப்தம்

நூல் சிப்பங்களையும் காய்கறி மூட்டைகளையும் சுமக்கும் சங்கத்துப் பிக்கப் வண்டி பழையதாகும்போது, எஞ்சினின் மேல்மூடிக்குள் 'டிக், டிக்' என்ற சப்தம் எழுவதுண்டு. அண்மையில் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், இதற்காக எஞ்சின் முழுவதையும் பிரித்துச் செப்பனிட நிர்வாகக் குழு தீர்மானம் தயாரித்திருந்தது. அதற்குமுன் கவனிக்கவேண்டியவை சில உள.

முதலாவது, எண்ணெய் மட்டம். எண்ணெய் குறைந்தால் வால்வுப் பகுதி வறண்டு ஒலிக்கும். அடுத்தது, சப்தத்தின் வேகம். கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழன்றால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் ஒருமுறையே சுழலும். ஆகவே ஒரு வால்வின் தட்டல் எஞ்சின் வேகத்தில் பாதியாகக் கேட்கும். முன்புறத்தில் சலசலத்தால், டைமிங் செயின் தளர்ந்திருக்கக்கூடும். டீசல் எஞ்சின் பளுவேறும்போது கடுமையாக இடித்தால், டீசல் பாயும் நேரத்தைச் சோதித்தல் வேண்டும்.

பழைய எஞ்சின்களில் டாப்பெட் இடைவெளியை அமைப்பது சிறிய வேலையே. வால்வு முற்றும் மூடியுள்ள நிலையில், கம்பெனிக் கைநூலில் கண்ட அளவுள்ள பில்லர் கேஜ் தகட்டைச் செருகி, திருகைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கவேண்டும். ஓசையே எழாதபடி இடைவெளியைக் குறைத்துவிடலாகாது. இடைவெளியற்ற வால்வு சரிவர மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த இயலாமல் கருகிவிடும். சிறு தட்டலால் பாதகமில்லை. இறுக்கத்தால் வரும் நஷ்டமே பெரிது.

மேற்சொன்ன சங்கத்தில் டாப்பெட்டை அமைத்ததும் சப்தம் அடங்கிற்று; தீர்மானமும் கைவிடப்பட்டது. அங்கத்தினர்களே, பணம் உங்களுடையது. ரிப்பேர் மதிப்பீட்டை அங்கீகரிக்குமுன், இடைவெளியை அளந்தாயிற்றா என்று கேளுங்கள்.