கடையை மூடினால் செலவு குறையுமா? கேமார்ட் சொல்லும் லாரி கணக்கு

2002-ல் திவால் மனு கொடுத்தபோது, அமெரிக்காவின் கேமார்ட் நிறுவனத்திடம் 2,100-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. 2022 ஏப்ரலில் அமெரிக்க நிலப்பரப்பில் மிஞ்சியது மூன்றே மூன்று: நியூஜெர்சியில் ஒன்று, நியூயார்க் மாகாணத்தில் ஒன்று, மயாமியில் ஒரு சின்னக் கடை. நியூயார்க்குக்கும் மயாமிக்கும் நடுவே சாலை வழியே சுமார் 2,000 கி.மீ.!

நஷ்டத்தில் ஓடும் கடையை மூடினால் செலவு மிச்சம்தானே? அங்கேதான் சிக்கல்.

கிடங்கு சுருங்காது

ஓர் உதாரணம். ஒரு கிடங்குக்கு வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கடைகள் இருந்தால், ஒரு கடையின் பங்கு 50,000. கடைகள் 20 ஆகிவிட்டால்? அதே பங்கு 2.5 லட்சம். நேற்று வரை லாபம் பார்த்த கடையும் இன்று நஷ்டக் கணக்கில் வந்துவிடும். அதையும் மூடினால், அடுத்த கடைக்குச் சுமை கூடும்.

லாரிக்கும் அதே கதை

பக்கத்துப் பக்கத்தில் ஐந்து கடைகள் இருந்தால் ஒரே லாரி ஒரே நாளில் சரக்கு இறக்கிவிடும். நடுவில் நாலு கடை போய்விட்டால், லாரி பாதி காலியாகத்தான் ஓடும். ஆனா டிரைவர் சம்பளமும் டோலும் முழுசாத்தான் கட்டணும். செலவை மிச்சம் பிடிக்க, வாரம் மூன்று முறை வந்த லாரி ஒரு முறை வரும். அலமாரி காலியாகும். கேட்டது கிடைக்காத வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

சப்ளையர் என்ன செய்வார்?

ஆர்டர் சின்னதானால் தள்ளுபடி போய்விடும். கம்பெனி தாங்குமா என்ற சந்தேகம் வந்தால் கடனும் நின்றுவிடும். 'முதலில் பணம், அப்புறம் சரக்கு' என்பார்கள். கேமார்ட்டின் தாய் நிறுவனமான சியர்ஸ் ஹோல்டிங்ஸுக்கு 2017-லேயே சில சப்ளையர்கள் பிடியை இறுக்கினார்கள். 2018 அக்டோபரில் அதுவும் திவால்.

அப்போ வழி?

கேமார்ட் தொடங்கிய அதே 1962-ல்தான் வால்மார்ட்டும் தொடங்கியது. கிடங்கிலிருந்து ஒரு நாள் லாரி தூரத்துக்குள் கடைகளை நெருக்கமாக வைத்து வளர்ந்தார் சாம் வால்டன். சுருங்கும்போதும் அதே விதிதான்: லாரி ரூட்டைப் பார்த்து, கொத்தாக இருக்கும் கடைகளை வைத்துக்கொண்டு, தனியாக நிற்பவற்றை முதலில் விட வேண்டும். ஒவ்வொரு கடையின் லாப நஷ்டத்தை மட்டும் பார்த்தால் போதாது.

நியூயார்க்கின் பிரிட்ஜ்ஹாம்ப்டன் கடை 2024 அக்டோபரில் மூடியது. நிலப்பரப்பில் கேமார்ட்டின் கடைசி முழு அளவுக் கடை அதுதான்.