இன்ஆக்டிவ், டார்மன்ட், ஐடில்… எல்லாமே 'சும்மா இருக்கு'தானா?

பழைய கம்பெனியில் சேர்ந்தப்போ ஓப்பன் பண்ணிக் கொடுத்த சேலரி அக்கவுன்ட். வேலை மாறி மூணு வருஷம் ஆச்சு, அதில் கொஞ்சம் பணம் அப்படியே கிடக்கிறது. ஒருநாள் பேங்கிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது: உங்கள் கணக்கு 'இன்ஆபரேட்டிவ்' ஆகிவிட்டது. "ஓகே, க்ளோஸ் பண்ணிட்டாங்க போல" என்று நினைத்து மெசேஜை ஸ்வைப் பண்ணிவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர்.

ஆனால் கணக்கு க்ளோஸ் ஆகவில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இரண்டு வருடங்களுக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் நடக்காத சேமிப்பு அல்லது கரண்ட் அக்கவுன்ட்தான் 'இன்ஆபரேட்டிவ்'. பேங்க் தானாகப் போடுகிற வட்டியும், பிடிக்கிற சார்ஜும் உங்கள் பரிவர்த்தனையாகக் கணக்கில் வராது. கேஒய்சி கொடுத்தால் கணக்கு மறுபடி உயிர்பெறும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அதற்குக் கட்டணம் கிடையாது. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதமும் போடக்கூடாது. பத்து வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது உங்கள் பணம்தான், பேங்கில் கேட்டு வாங்கலாம். அப்பா, தாத்தா பெயரில் அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கத்தான் 2023-ல் 'உத்கம்' போர்ட்டல் வந்தது.

இந்தச் சொல் பேங்கோடு நிற்கவில்லை. ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் 'இன்ஆபரேட்டிவ்' ஆனபோது, வெளிநாட்டில் இருப்பவர்கள் உட்படப் பலர் பதறிப்போனார்கள். கடைசியில் வருமான வரித் துறையே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று: 'இன்ஆபரேட்டிவ்' பான் என்றால் 'இன்ஆக்டிவ்' பான் என்று அர்த்தமில்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். ரீஃபண்ட் நிற்கும், டிடிஎஸ் கூடுதலாகப் பிடிக்கப்படும், ஆனால் பான் செத்துப்போகவில்லை. ரெண்டு சொல்லையும் 'செயலற்றது' என்று ஒரே மாதிரி மொழிபெயர்த்தால் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்?

சும்மா இருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. எவ்வளவு அசையாமல் இருக்கிறது என்று அளந்து சொல்வது அவற்றின் முக்கிய வேலை இல்லை. இது மறுபடி எழுந்திருக்குமா, இப்படி இருப்பதற்கு யார் காரணம் என்ற ரெண்டு கேள்விக்கும் ஒவ்வொரு சொல்லும் சைலன்ட்டாக ஒரு பதில் வைத்திருக்கிறது.

தூங்குவதும் நின்றுபோவதும்

'டார்மன்ட்' சொல்லுக்குள் தூக்கம் இருக்கிறது. லத்தீனில் தூங்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, ஹாஸ்டல் 'டார்மிட்டரி'க்கும் அதே வேர்தான். தூங்குகிறவர் எழுந்திருப்பார் என்ற எதிர்பார்ப்பு அதில் சேர்ந்தே வருகிறது. அந்தமான் பக்கம் இருக்கும் பேரன் தீவு எரிமலை நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் அமைதியாகக் கிடந்துவிட்டு 1991-ல் வெடித்தது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 வருடப் பழமையான பேரீச்சை விதை 2005-ல் முளைவிட்டது. நம் வேளாண் புத்தகங்கள் இதை 'விதை உறக்கம்' என்கின்றன. 'டார்மன்ட்' சொல்லை இதைவிடச் சரியாகத் தமிழில் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை.

'இன்ஆக்டிவ்' அப்படி எந்த நம்பிக்கையும் தராது. இப்போது இயக்கம் இல்லை, அவ்வளவுதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 455-வது பிரிவு இந்த வித்தியாசத்தை அழகாகக் காட்டுகிறது. ரெண்டு நிதியாண்டாகத் தொழிலே நடக்காத கம்பெனி 'இன்ஆக்டிவ்'. அது பதிவாளரிடம் விண்ணப்பித்துச் சான்று வாங்கினால் 'டார்மன்ட்'. முதலாவது அதன் நிலைமை, ரெண்டாவது பர்மிஷன் வாங்கிய தூக்கம். ஸ்டார்ட்அப் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு இது சும்மா இலக்கண விஷயம் இல்லை.

கூகுள் பேசுவதும் 'இன்ஆக்டிவ்' பாஷைதான். இரண்டு வருடம் உள்ளேயே போகாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்க ஆரம்பித்தார்கள். காலேஜ் போட்டோ எல்லாம் பழைய ஜிமெயிலில் இருந்தால் ஒரு தடவை லாகின் பண்ணிவிட்டு வாங்க.

பெஞ்சில் இருப்பவர் சோம்பேறியா?

ஐடி கம்பெனியில் ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல் 'பெஞ்ச்'சில் இருப்பவர் 'ஐடில்'. அவர் 'லேசி' கிடையாது. 'ஐடில்' என்றால் கையில் வேலை இல்லை. 'லேசி' என்றால் வேலை இருந்தும் செய்ய மனசில்லை. தமிழிலும் இந்தக் கோடு உண்டு: 'வெட்டியா இருக்கான்', 'சோம்பேறி'. ரெண்டும் திட்டு மாதிரி கேட்டாலும் ரெண்டாவதுதான் ஆளைக் குற்றம் சொல்கிறது. 'ஐடில்' பழைய ஆங்கிலத்தில் வெறுமை, பயனின்மையைக் குறித்த சொல். அதனால்தான் 'ஐடில் டாக்' அப்படியே நம்ம 'வெட்டிப்பேச்சு'.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மெஷினுக்கு 'ஐடில்' போட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆளுக்குப் போட்டால் லேசாகப் பழி ஒட்டிக்கொள்ளும். "ரெண்டு வாரமா நான் ஐடில்" என்று மேனேஜருக்கு மெயில் போட்டால், உட்கார்ந்திருந்தது உங்கள் சாய்ஸ் என்பது போலத் தொனிக்கும். "இன்னும் ப்ராஜெக்ட் ஒதுக்கவில்லை, வேலை எடுக்கத் தயார்" என்று எழுதினால் ஒதுக்க வேண்டியது யார் என்பது தெளிவாகிவிடும்.

அப்ரைசலில் வரும் 'பாசிவ்' இன்னும் நுணுக்கமானது. இதன் லத்தீன் வேருக்கு 'அனுபவிப்பது, படுவது' என்று பொருள். நோயாளியைக் குறிக்கும் 'பேஷன்ட்'டும் அங்கிருந்து வந்ததுதான். மீட்டிங்கில் 'பாசிவ்' என்றால் நடப்பதெல்லாம் உங்கள் மேல் நடக்கிறது, நீங்கள் எதையும் நடத்தவில்லை என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் போராட்டத்துக்கு முதலில் 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்ற பெயர்தான் இருந்தது. பலவீனமானவர்களின் ஆயுதம் என்று அது புரிந்துகொள்ளப்படுகிறதே என காந்திக்கு உறுத்தல். 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் போட்டி வைத்துப் புதுப் பெயர் கேட்டார். மகன்லால் காந்தி 'சதாக்ரஹ' என்று அனுப்பினார், காந்தி அதைத் திருத்தி 'சத்யாக்ரஹ' ஆக்கினார். ஒரு அட்ஜெக்டிவ் பிடிக்காமல் போனதால் பிறந்த சொல் அது!

ஆஸ்பத்திரியில் அர்த்தமே வேறு

கிரேக்கத்தில் 'ஆர்கோஸ்' என்றால் வேலை செய்யாதது, சோம்பேறி. 1894-ல் ரேலியும் ராம்சேயும் காற்றிலிருந்து பிரித்த வாயு எதனுடனும் வினைபுரியாததால் அதற்கு 'ஆர்கான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பமே 'இனர்ட்' வாயுக்கள், நம்ம ஸ்கூல் புக்கில் 'மந்த வாயுக்கள்'. 1962-ல் நீல் பார்ட்லெட் அந்தக் குடும்பத்தின் செனானை வினைபுரிய வைத்ததும் 'இனர்ட்' பட்டம் ஆட்டம்கண்டது. இப்போது 'நோபிள்' வாயுக்கள் என்பதுதான் வழக்கம்.

அதே 'ஆர்கோஸ்', மறதியைக் குறிக்கும் 'லீத்தி'யோடு சேர்ந்து 'லெத்தார்ஜிக்' ஆனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணிக்கு அப்புறம் நாம் எல்லோரும் 'லெத்தார்ஜிக்'தான். ஆனால் டாக்டர் ஒரு குழந்தையைப் பற்றி இதைச் சொன்னால் விஷயம் சீரியஸ். குழந்தை சாதாரணமாக விழிப்போடு இல்லை, எழுப்பினாலும் சுற்றி நடப்பதைக் கவனிக்காமல் மயங்கிக் கிடக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நோய் வழிகாட்டுதலில் இது பொதுவான அபாய அறிகுறிகளில் ஒன்று. போனில் டாக்டரிடம் "குழந்தை டல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் இந்த வித்தியாசம் அவருக்குப் போய்ச் சேராது. கூப்பிட்டால் பார்க்கிறதா, பால் குடிக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுப்பவே சிரமமாக இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

'இண்டொலன்ட்' இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. பேச்சில் இது 'லேசி'யின் டீசன்ட் வடிவம், சுகமாகக் கிடப்பவர். ஆனால் லத்தீன் வேரில் இதன் அர்த்தம் 'வலி இல்லாதது'. மருத்துவத்தில் அந்தப் பழைய வாசனை இன்னும் இருக்கிறது. மெதுவாக வளரும், அதிகம் தொந்தரவு தராத கட்டியை 'இண்டொலன்ட்' என்பார்கள். வீட்டில் யாருடைய பயாப்ஸி ரிப்போர்ட்டிலாவது இந்தச் சொல் இருந்தால் டிக்‌ஷனரியில் தேடிக் குழம்ப வேண்டாம். ஒப்பீட்டளவில் அது ஆறுதலான சொல். சில வகை லிம்போமாக்களில் உடனே சிகிச்சை தொடங்காமல் கண்காணிப்பிலேயே வைத்திருப்பதும் உண்டு. அதற்காக இது புற்றுநோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அடுத்த செக்கப் எப்போது, என்ன மாறினால் உடனே வரணும் என்ற ரெண்டையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.