அலுவலக அச்சுச் செலவும் ஒரு பொது இயந்திரமும்



பொது அலுவலகத்தில் செலவாகும் பணம் அங்கே வேலை செய்கிறவர்களுடையதல்ல, கொடுத்த ஜனங்களுடையது. ஆகவே அங்கே அச்சாகும் ஒவ்வொரு தாளுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 1993இல் அதிபர் கிளிண்டன், அரசு வாங்கும் கணினிகளும் பிரிண்டர்களும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 'எனர்ஜி ஸ்டார்' தரத்தில் இருக்கவேண்டுமென்று ஆணையிட்டார். 2011இல் அதிபர் ஒபாமாவின் ஆணை, தாளில் அச்சிடுவதையே குறைக்கும்படி அரசு அலுவலகங்களை ஊக்கப்படுத்தியது.

செலவைக் குறைக்கப் பல பொது நிறுவனங்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. மேசைதோறும் இருந்த சிறு பிரிண்டர்களை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய இயந்திரத்தை வைக்கிறார்கள். அச்சிடுதல், ஜெராக்ஸ், ஸ்கேன், ஃபாக்ஸ் ஆகிய நான்கையும் அது ஒன்றே செய்யும். இதனால் மிச்சமாவது எப்படி?

முதலாவது, டோனர். சிறு பிரிண்டர் மலிவாகக் கிடைக்கும்; டோனர்தான் செலவு வைக்கும். 3,000 ரூபாய் டோனரில் 1,500 பக்கம் வருமென்று வைத்துக்கொள்வோம்; பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகிறது. பெரிய இயந்திரத்தில் 9,000 ரூபாய் டோனரில் 20,000 பக்கம் வந்தால், பக்கத்துக்கு 45 காசுதான்.

இரண்டாவது, மின்சாரம். லேசர் இயந்திரம் டோனர் தூளைச் சூட்டினால் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. பத்து பிரிண்டர்கள் இருந்தால் பத்தும் தனித்தனியே சூடேற வேண்டும்.

மூன்றாவது, தாள். இருபுறமும் தானாகவே அச்சாகும்படி அமைத்துவிடலாம். அனுப்பியவர் இயந்திரத்தண்டை வந்து தம் இரகசிய எண்ணைக் கொடுத்த பிறகே அச்சாகும்படியும் செய்யலாம். அப்பொழுது எடுக்க மறந்த தாள்கள் குப்பைக்குப் போவதில்லை. பிறர் கண்ணிலும் படுவதில்லை.

ஆனாலும் ஓர் எச்சரிப்பு. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றினுள் ஹார்ட் டிஸ்க் உண்டு. நகலெடுத்தவை அதில் தங்கிவிடக்கூடும். நியூயார்க்கில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்னும் லாப நோக்கற்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை டிஸ்க்கை அழிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டது. 2010இல் சிபிஎஸ் தொலைக்காட்சியார் வாங்கிய பழைய இயந்திரம் ஒன்றில் மருத்துவ விவரங்கள் அப்படியே இருந்தன. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013இல் அந்நிறுவனம் 12,15,780 டாலர் செலுத்த நேரிட்டது. அச்சில் எவ்வளவு மிச்சம் பிடித்திருந்தாலும் இதற்கு ஈடாகுமா? வெளியான இரகசியத்தையோ பணத்தினால் மீட்கவே முடியாது.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பக்கத்துக்குக் கட்டணம் எவ்வளவு? பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கை அழிப்பது யார் பொறுப்பு? பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கென்று ஒரு சிறு பிரிண்டரையும் வைத்திருங்கள். பொது இயந்திரம் நின்றால் எல்லாருடைய வேலையும் அதோடு நின்றுவிடும்.