கண்டி பிரித்தானியப் படைக் கல்லறைத் தோட்டம்

தலதா மாளிகையை வணங்கிவிட்டு, வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய பெயரோடு இந்தச் சரிவில் ஏறி வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ ஸ்கொட்லாந்திலிருந்தோ, பாட்டனுக்குப் பாட்டனைத் தேடி. நீங்களும் அப்படி வந்திருந்தால் காவலாளியிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாகத் தேடுவதைவிட அது சுலபம்.

சிப்பாய்களும் அதிகாரிகளும் கோப்பித் தோட்டத் துரைமாரும் அவர்களின் குழந்தைகளும் இங்கே கிடக்கிறார்கள். கல்லில் உள்ள வயதுகளைப் பாருங்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை முப்பது வயதுக்குள் கொண்டுபோயின. 1815 கண்டி ஒப்பந்தத்தில் முக்கிய பங்கு வகித்த சேர் ஜோன் டொயிலியும் காய்ச்சலில்தான் போனார்: 1824, வயது 49. 1856இல் இறந்த ஜோன் ரொபர்ட்சனைக் கொன்றது காட்டு யானை. வருகிறவர்கள் முதலில் கேட்பது என்னவோ இவருடைய கல்லைத்தான்.

லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை இங்கே தேட வேண்டாம். 1892இல் இறந்த அவர் மஹியாவை மயானத்தில் இருக்கிறார்.

அதே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காடு கடந்து நடந்து வந்தவர்களில் ஏராளமானோர் பாதையோரத்திலேயே மாண்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டு வந்தால் காட்டுவதற்குக் கல் கிடையாது.

எழுத்து தெரிவதற்காகக் கல்லில் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது தானாகவே தெரியும்.