`எல்லாம் ஸ்கிரிப்ட்தானே பாஸ்?' - அண்டர்டேக்கர் தோற்ற அந்த ராத்திரியில் நடந்தது என்ன?

ட்ரம்ப் கார்டு விளையாடின 90ஸ் கிட்ஸா நீங்க? அப்போ, `அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்'ங்கிற கதையைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. அந்த அண்டர்டேக்கர், ரெஸில்மேனியா மேடையில் முதன்முறையாகத் தோற்ற நாள் 2014 ஏப்ரல் 6. இடம், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம்.

`ரிசல்ட்டைத்தான் முன்னாடியே எழுதிடுவாங்களே... இதுல ஃபீல் பண்ண என்ன இருக்கு?'ன்னு கேட்கிறீங்களா? அன்னிக்கு வந்த ரிசல்ட்டுகளைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

* டிரிபிள் ஹெச்சை வென்றார் டேனியல் பிரையன்.
* கேன் அணியைச் சில நிமிடங்களில் சுருட்டியது `தி ஷீல்டு'.
* பேட்டில் ராயலில் பிக் ஷோவைத் தூக்கி வெளியே போட்டு ஜெயித்தார் சிசாரோ.
* பிரே வயட்டை வீழ்த்தினார் ஜான் சீனா.
* அண்டர்டேக்கரைத் தோற்கடித்தார் பிராக் லெஸ்னர்.
* பெண்கள் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தார் ஏ.ஜே. லீ.
* இறுதிப் போட்டியில் ராண்டி ஆர்டன், பட்டிஸ்டா இருவரையும் தாண்டி உலக சாம்பியன் ஆனார் பிரையன்.

1991-ல் தொடங்கி 21 வெற்றி, தோல்வியே இல்லை. இதுதான் அண்டர்டேக்கரின் ரெஸில்மேனியா கணக்கு. லெஸ்னரின் மூணாவது `எஃப்-5'க்கு அவர் எழுந்திருக்கலை. நடுவர் மூணு எண்ணி முடிச்சதும் திரையில் `21-1'. அரங்கமே அப்படியே உறைஞ்சுபோச்சு.

பிரையன் கதை நேர் எதிர். அவரை மெயின் ஈவென்ட்டில் நிறுத்தும் திட்டமே முதலில் கிடையாது. அந்த வருஷ ராயல் ரம்பிளில் பட்டிஸ்டா ஜெயிச்சப்போ ரசிகர்கள் கூச்சல் போட்டாங்க. வாராவாரம் `யெஸ்... யெஸ்'னு பிரையனுக்காகக் கத்தினாங்க. கடைசியில் ஸ்கிரிப்ட்டே மாறிடுச்சு. ஆக, ஒரே ராத்திரியில் ரசிகர்கள் கேட்டு வாங்கின ரிசல்ட் ஒண்ணு, கனவிலும் நினைக்காத ரிசல்ட் ஒண்ணு!

ஆனா, யாருமே எழுதாத ஒண்ணும் அன்னிக்கு நடந்துச்சு. 49 வயது அண்டர்டேக்கருக்குத் தலையில் அடிபட்டு, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. அந்த மேட்ச்சே தனக்கு ஞாபகம் இல்லைன்னு பின்னாடி அவரே சொன்னார். அடுத்த மாசமே பிரையனுக்குக் கழுத்தில் ஆபரேஷன். ஜூனில் பட்டமும் கைவிட்டுப் போச்சு.

ஜெயிக்கிறது யாருன்னு பேப்பரில் எழுதிடலாம். கீழே விழுந்தா வலிக்காதுன்னு எழுத முடியுமா? அடுத்த தடவை யாராவது `எல்லாம் ஸ்கிரிப்ட்தானே பாஸ்'னு சொன்னா, இதைக் கேளுங்க!