ஒரு பென்னிக்காகப் பெயர்த்த கல்

பிரிட்டிஷ் நாணயம் சேகரிப்போரின் கதையும் கணக்கும்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த மிடில்டன் என்ற இடத்தில் செயின்ட் கிராஸ் என்று ஒரு மாதா கோவில். 1970-ம் வருஷம் திருடர்கள் அங்கே கைவரிசையைக் காட்டினார்கள். அவர்கள் குறி வைத்தது உண்டியலை அல்ல, கட்டிடத்தின் அடிக்கல்லை! கல்லைப் பெயர்த்து, அதன் கீழே பதித்திருந்த சில நாணயங்களை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள்.

அந்த நாணயங்களில் ஒன்று ஒரு பென்னி. வெண்கலக் காசு. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆகவே ஒரு பவுனில் 240-ல் ஒரு பங்குதான் அதன் மதிப்பு. இதற்காகவா கடப்பாரை எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பென்னியில் பொறித்திருந்த வருஷம் 1933. விஷயமே அதில்தான் இருக்கிறது.

1933-ல் பிரிட்டிஷ் பாங்குகளில் பென்னி ஏராளமாகக் குவிந்து கிடந்தது. புதிதாக அடிக்கத் தேவை இல்லை. ஆனால் முக்கியமான கட்டிடங்களுக்கு அடிக்கல் நாட்டும்போது அந்த வருஷத்து நாணயங்களில் ஒவ்வொன்றைக் கல்லின் அடியில் வைப்பது அங்கே நெடுநாளைய சம்பிரதாயம். அதற்காகவும் காட்சிசாலைகளுக்காகவும் 1933 என்று வருஷம் போட்ட பென்னிகளை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் மட்டும் ராயல் மின்ட் என்ற அரசாங்க நாணயசாலை அடித்தது. ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒன்று நாணயசாலையின் சொந்தக் காட்சிசாலையில் இருக்கிறது. லண்டன் சர்வகலாசாலையின் செனட் ஹவுஸ் கட்டிடத்துக்கு 1933 ஜூனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லின் கீழும் ஒன்று உண்டு.

மிடில்டனில் திருட்டுப் போனதும், ரிப்பன் மேற்றிராணியாருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. லீட்ஸிலேயே கிர்க்ஸ்டால் பகுதியில் உள்ள செயின்ட் மேரி மாதா கோவிலின் அடியிலும் அதே மாதிரி ஒரு பென்னி இருந்தது. திருடன் வருவதற்கு முன் நாமே எடுத்துவிடுவோம் என்று அவர் தீர்மானித்தார். கல்லைத் தோண்டிக் காசை எடுத்து 1972-ல் ஏலத்தில் விற்றார்கள். கடவுளின் வீட்டுக்கு அஸ்திவாரமாக வைத்த காசையும் நிம்மதியாக உறங்க விடவில்லை, மனிதனின் ஆசை!

இந்தக் கதை பரவிய நாளிலிருந்து பிரிட்டனில் எத்தனையோ பேர் சில்லறையை வாங்கியதும் வருஷத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளானார்கள். 1935 போன்ற வருஷத்துப் பென்னியின் கடைசி எண்ணைச் சுரண்டி மூன்றாக்கி விற்கும் மோசடிக்காரர்களும் கிளம்பினார்கள். இன்று யாராவது தம்மிடம் 1933 பென்னி இருப்பதாகச் சொன்னால், நாணயம் அறிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். பிறகு பூதக்கண்ணாடியை எடுப்பார்கள்.

பழசெல்லாம் புதையல் அல்ல

நாணயம் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பழசு என்றாலே விலை அதிகம் என்று எண்ணுவது. பிரிட்டனை ரோமானியர்கள் ஆண்ட காலத்தில், சுமார் 1,600 வருஷங்களுக்கு முன் புழங்கிய சிறு செப்புக் காசுகள் இன்றும் சில பவுனுக்கே கிடைக்கின்றன. ஆனால் 2009-ல் வெளியான 50 பென்ஸ் நாணயம் ஒன்று நூறு பவுனுக்கு மேல் போகிறது. லண்டன் கியூ தோட்டத்தில் உள்ள சீனக் கோபுரத்தின் உருவம் பொறித்த நாணயம் அது. ரோமானியக் காசு மண்ணுக்குள்ளிருந்து மூட்டை மூட்டையாகக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கியூ தோட்டக் காசோ மொத்தம் 2,10,000-தான் அடித்தார்கள். வயது அல்ல, எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதே கணக்கு.

ஞாபகார்த்தமாக வெளியிடும் நாணயங்களின் கதி இதற்கு நேர்மாறு. வின்ஸ்டன் சர்ச்சில் காலமான 1965-ம் வருஷத்தில் அவர் தலை பொறித்த கிரவுன், அதாவது 5 ஷில்லிங் நாணயம் வெளிவந்தது. ஒருபுறம் எலிசபெத் ராணி, மறுபுறம் சர்ச்சில். பிற்காலத்தில் பெரும் விலை வரும் என்று ஜனங்கள் அதைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தார்கள். எல்லோரும் வைத்தார்கள் என்பதுதான் தொல்லை. அடித்தது ஒரு கோடியே 96 லட்சம். தேயாமல் இருப்பதும் அநேகமாக அத்தனையும். இன்றைக்கு அதைக் கொண்டுபோனால் வியாபாரி புன்சிரிப்புடன் ஒன்றிரண்டு பவுன் சொல்லுவார். 1967 என்று வருஷம் போட்ட பென்னி 65 கோடிக்கு மேல். அதற்கு அந்தப் புன்சிரிப்புகூடக் கிடைக்காது.

சுவையான கதை இருப்பதாலும் விலை ஏறிவிடாது. 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டிப் புதிய 6 பென்ஸ் வெள்ளி நாணயம் வெளியாயிற்று. அதில் மதிப்பைப் பொறிக்க மறந்துவிட்டார்கள். உருவமும் அளவும் அரைத் தங்கப் பவுனை ஒத்திருந்தது. விடுவார்களா எத்தர்கள்? தங்க முலாம் பூசி, அரைப் பவுன் என்று கடைகளில் தள்ளினார்கள். ஆறு பென்ஸ் பத்து ஷில்லிங்காக மாறிவிட்டது, அதாவது இருபது மடங்கு! சர்க்கார் அதே வருஷத்தில் அந்த அச்சைக் கைவிட்டு வேறு அச்சுக்கு மாறியது. இவ்வளவு அமர்க்களம் செய்த காசு, இன்றும் மலிவாகக் கிடைக்கும் காசு. வாங்கி வைத்துக் கதை சொல்ல ஏற்றது.

முடியை உதறிய மன்னர்

சேகரிப்போரின் பெருமூச்சுக்குப் பாத்திரமான நாணயங்கள் எட்டாம் எட்வர்ட் மன்னருடையவை. 1936 ஜனவரியில் பட்டத்துக்கு வந்தவர், விவாகரத்தான அமெரிக்க மாது வாலிஸ் சிம்ப்ஸனை மணப்பதற்காக அந்த டிசம்பரிலேயே முடியைத் துறந்தார். 1937-ல் வெளியிடுவதற்கு நாணயங்களின் அச்சுகள் தயாராகி, மாதிரிகள் சிலவும் அடித்தாகிவிட்டது. எல்லாம் நின்றன.

அவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டிஷ் நாணயங்களில் ஒரு மன்னர் இடப்புறம் நோக்கினால் அடுத்தவர் வலப்புறம் நோக்குவது மூன்று நூற்றாண்டு வழக்கம். தந்தை ஐந்தாம் ஜார்ஜ் இடம் நோக்கினார். மகன் வலம் நோக்க வேண்டும். எட்வர்டோ தமது இடப்பக்க முகமே அழகு என்று பிடிவாதம் பிடித்து வழக்கத்தை மாற்றச் செய்தார். பின்னர் தம்பி ஆறாம் ஜார்ஜ் வந்தபோது, அண்ணன் வலம் நோக்கியதாகவே பாவித்து, இவரை இடம் நோக்கவைத்தார்கள். சம்பிரதாயத்தைக் காப்பாற்ற இப்படியும் ஒரு யுக்தி! எலிசபெத் ராணி வலம் நோக்கினார். இன்றைய மூன்றாம் சார்லஸ் இடம் நோக்குகிறார்.

எட்வர்டின் தங்கப் பவுன் ஒன்றை 2020-ல் ஒருவர் பத்து லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார். அதில் உள்ள தங்கம் எட்டு கிராம்கூட இல்லை.

அவர் காலத்துப் பன்னிரண்டு பட்டை மூன்று பென்ஸ் மாதிரிகள் இன்னும் விசித்திரமானவை. புதிய வடிவம் தானியங்கிப் பெட்டிகளில் சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கம்பெனிகளுக்குச் சிலவற்றைக் கொடுத்தார்கள். சில திரும்பி வரவில்லை. இன்று அவை பெருவிலை பெறுகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வேறு சில காலனிகளிலும் 1936-ல் வெளியான, நடுவில் துளையுள்ள காசுகளில் எட்வர்டின் பெயர் இருக்கும், தலை இருக்காது. அவை சர்வ சாதாரணம். பெயரைப் பார்த்து ஏமாந்து பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

புளி போட்டுத் தேய்க்காதீர்!

ஒரே வருஷத்து, ஒரே அச்சு நாணயங்கள் இரண்டில் ஒன்று ஐந்து பவுனுக்கும் மற்றது ஐந்நூறு பவுனுக்கும் போவது சாத்தியம். வித்தியாசம் தேய்மானத்தில். ஆங்கிலேயர்கள் நாணயத்தின் நிலையைப் பல படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உருவம் மட்டும் மங்கலாகத் தெரிவது அடிப்படி. பெரிய பகுதிகள் தெளிவாகவும் மேடான இடங்கள் மழுங்கியும் இருப்பது நடுத்தரம். மயிரிழையெல்லாம் தெரிவது உயர்தரம். ஒருவர் கையிலும் புழங்காமல் அச்சிலிருந்து வந்த பளபளப்புடன் இருப்பது உச்சம். பார்க்கவேண்டிய இடம் காதுக்கு மேலே தலைமயிர். மறுபுறத்தில் பிரிட்டானியா தேவி இருந்தால் அவளுடைய ஆடையின் மடிப்பு. முதலில் தேய்வது அவைதான். நாணயத்தை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

நம்முடைய பாட்டிமார்கள் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிய பழக்கத்தில், பழங்காசையும் தேய்த்துப் பொன்னாக மின்ன வைத்துவிட்டால் தீர்ந்தது கதை. நூறு வருஷங்களில் தானாகப் படிந்த கருநிறமே அதன் சான்றிதழ். அதைத் துடைத்து எடுத்த காசை, அறிந்தவர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்; விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மலிவான பிளாஸ்டிக் உறைகளும் ஆகா. பி.வி.சி. உறையில் வைத்த காசு நாளடைவில் பச்சையாகக் கசியும். ஓக் மரப் பெட்டியின் அமில ஆவியும் உலோகத்தைக் கெடுக்கும். அந்த நாள் கனவான்கள் மகாகனி மரப் பேழையில் வைத்ததற்குக் காரணம் அந்தஸ்து மட்டுமல்ல.

இன்னொரு கணக்கு, உலோகக் கணக்கு. 1919 வரை அடித்த வெள்ளி நாணயங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி. முதல் மகாயுத்தத்துக்குப் பின் வெள்ளி விலை கிடுகிடுவென ஏறியதால் 1920-லிருந்து பாதி வெள்ளி, பாதி பிற உலோகம். இரண்டாவது யுத்தத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்ததும், 1947-லிருந்து செம்பும் நிக்கலும்தான், வெள்ளி பூஜ்யம். இரண்டரை ஷில்லிங் மதிப்புள்ள அரைக் கிரவுனின் எடை சுமார் 14 கிராம். முதல் வகையில் 13 கிராம் சுத்த வெள்ளி, இரண்டாவதில் 7 கிராம். தேய்ந்து உருத்தெரியாமல் போனாலும் இந்த மதிப்பு போகாது. அதற்கு மேல் விலை போக வேண்டுமானால் வருஷம் அபூர்வமாக இருக்க வேண்டும். ஏழாம் எட்வர்டின் 1905 அரைக் கிரவுன் 1,66,000-தான் அடித்ததால் தேய்ந்ததற்கும் கிராக்கி. அதனாலேயே போலிகளும் உண்டு.

நாணயங்களின் விலைப் பட்டியலை ஸ்பிங்க் கம்பெனியார் வருஷந்தோறும் புத்தகமாக வெளியிடுகிறார்கள். 1666-ல் தொடங்கிய பழம்பெரும் ஸ்தாபனம் அது. ஆனால் புத்தகத்தில் கண்டது வியாபாரி விற்கும் விலை. அவர் உங்கள் கையில் வைக்கும் விலை அல்ல. இன்டர்நெட்டில் ஒருவர் ஐயாயிரம் பவுன் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. ஏலத்தில் உண்மையாகக் கைமாறிய தொகைதான் விலை.

இந்த ஆசைக்கு இரண்டு பென்ஸ் நாணயம் நல்ல உதாரணம். தசாம்ச முறை 1971 பிப்ரவரி 15-ந் தேதி வந்தபோது அதில் ‘நியூ பென்ஸ்’ என்று பொறித்தார்கள். 1982-ல் ‘நியூ’ போய்விட்டது. ஆனால் 1983-ல் சேகரிப்போருக்காக அடித்த தொகுப்புகள் சிலவற்றில் தவறுதலாகப் பழைய எழுத்தே வந்துவிட்டது. அவை நூற்றுக்கணக்கான பவுன் பெறும். இதை அரைகுறையாகக் கேட்டவர்கள் 1971 காசையும் 1980 காசையும் அள்ளிக்கொண்டு கடை ஏறுகிறார்கள். அவை இரண்டு பென்ஸ் பெறும், அவ்வளவுதான். 2008-ல் வருஷமே பொறிக்காமல் வெளிவந்துவிட்ட 20 பென்ஸ் நாணயம் மட்டும், சில்லறையில் அகப்பட்டால் மெய்யாகவே அதிர்ஷ்டம். வருஷத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியபோது, பழைய தலையும் புதிய பூவும் சேர்ந்துவிட்டதன் விளைவு அது. கியூ தோட்டக் காசின் முதலிடமும் இப்போது போய்விட்டது. சார்லஸ் மன்னர் தலையுடன் 2023 என்று வருஷம் போட்டு வந்த சால்மன் மீன் 50 பென்ஸ் 2,00,000-தான் என்று நாணயசாலை 2024-ல் அறிவித்தது.

காசு மாலையில் ஒரு எழுத்து

இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் வீடுகளில் உள்ள ராஜா தலை ரூபாய் பிரிட்டிஷ் நாணயம் அல்ல. அது இந்தியாவுக்கென்று இங்கேயே அடித்தது. ஆனால் ‘சவரன்’ என்று நகைக் கடையில் நாம் சொல்லும் எடையே இங்கிலாந்தின் தங்க நாணயத்தின் பெயர்தான். 22 காரட், எட்டு கிராமுக்கு மயிரிழை குறைவு. குதிரை மேல் அமர்ந்து செயின்ட் ஜார்ஜ் பறவைநாகத்தை வதம் செய்யும் சித்திரத்தை 1817-ல் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியச் சிற்பி அமைத்தார், இன்றும் அதுவே.

ஐந்தாம் ஜார்ஜ் தலைப் பவுனில், குதிரையின் கால்களுக்குக் கீழே தரையில், வருஷத்துக்குச் சற்று மேலே பூதக்கண்ணாடியால் பார்த்தால் சிலவற்றில் ஒரு சிறு ஆங்கில எழுத்து தெரியும். எம் என்றால் மெல்போர்ன், எஸ் என்றால் சிட்னி, பி என்றால் பெர்த். எழுத்தே இல்லை என்றால் லண்டன். இந்த எழுத்து சில சமயம் தலைவிதியை மாற்றும். 1917-ல் பெர்த்திலும் சிட்னியிலும் அடித்தவை சாதாரணம்; அதே வருஷம் லண்டனில் அடித்தது மிக அபூர்வம். ஆகவே அதற்கு போலிகளும் ஏராளம்.

‘ஐ’ என்ற எழுத்து இருந்து வருஷம் 1918 ஆனால், அது பம்பாயில் அடித்த பவுன். அந்த ஒரே வருஷம்தான் 12 லட்சத்துக்கு மேல் அங்கே அடித்தார்கள். தங்க விலைக்கு மேல் சேகரிப்போர் ஓரளவு கூடுதலாகத் தருவார்கள். காசு மாலைக்காக வளையம் பற்றவைத்திருந்தால் அந்தக் கூடுதலும் இல்லை. தட்டான் தராசில் நிற்கும் எடைக்குத்தான் பணம்.