சாப்பாட்டு மேஜையில் பேஸ்பால்

சென்ற கோடை விடுமுறைக்கு எங்கள் பேரன் நியூ ஜெர்சியிலிருந்து தில்லிக்கு வந்திருந்தான். வயது பதினொன்று. தமிழ் சொன்னால் புரியும், பேச வராது. அவன் ஆங்கிலமோ எனக்குப் பாதிதான் பிடிபடும். வெளியே தலைகாட்ட முடியாத வெயில். முதல் நான்கு நாட்கள் "சாப்பிட்டியா?", "தூங்கினியா?" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு நகரவில்லை.

ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டைகளை எடுத்தான். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பபிள்கம்முடன் விற்றவை. நம் பிள்ளைகளும் பபிள்கம்மில் வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்தவர்கள்தானே! "இதை வெச்சு என்ன பண்ணுவே?" என்றேன். "சும்மா பாப்பேன், தாத்தா."

அட்டையின் பின்புறத்தைத் திருப்பினேன். நுணுக்கி நுணுக்கி எண்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவனுக்கு வேறென்ன வேண்டும்? அங்கே இதற்கென்றே கடையில் விற்கும் மேஜை ஆட்டங்கள் உண்டு. ஆப்பா 1951-லும், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961-லும் வந்தவை. நாங்கள் வீட்டில் இருந்ததை வைத்தே ஒன்று செய்துகொண்டோம்.

பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது, ஆடிய வாய்ப்புகளில் எத்தனை முறை ஹிட் அடித்தார் என்ற பின்னம். அதை மூன்று தசம இடங்களுக்கு எழுதுவார்கள். .300 என்றால் ஆயிரத்துக்கு முந்நூறு. ஆட்டத்தின் சூட்சுமமே இதுதான். தம்போலா பையிலிருந்து 1 முதல் 10 வரை வில்லைகளை எடுத்துக்கொண்டோம். 10-ஐப் பூஜ்யமாகக் கொள்ள வேண்டும். மூன்று முறை எடுத்தால் 000 முதல் 999 வரை ஓர் எண் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எடுத்த வில்லையைத் திரும்பப் பைக்குள் போட மறக்கக் கூடாது. போடாவிட்டால் கணக்கு கெட்டுவிடும். வந்த எண் ஆட்டக்காரரின் சராசரிக்குக் கீழே இருந்தால் ஹிட், இல்லையென்றால் அவுட்.

என்ன ஹிட்? அதற்கு இன்னும் இரண்டு வில்லை. உதாரணத்துக்கு 1941-இல் டெட் வில்லியம்ஸின் கணக்கு: 456 வாய்ப்பு, 185 ஹிட், சராசரி .406. ஹிட்டுகளில் 37 ஹோம் ரன், அதாவது நூற்றுக்கு 20. ஆகவே 00 முதல் 19 வரை ஹோம் ரன். இரண்டு பேஸ் அடி 33, நூற்றுக்கு 18. அது 20 முதல் 37 வரை. மூன்று பேஸ் அடி மூன்றே மூன்று. அதற்கு 38, 39. மீதியெல்லாம் ஒரு பேஸ். இப்படி ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் செருகிவிட்டால் போதும். சதவீதம் போடத் தெரியாது என்று அழுத பையன் இரண்டே நாளில் பதினெட்டுச் சீட்டு எழுதினான்!

பந்து வீசுபவரையும் விட்டுவிடவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன்னுக்கும் குறைவாகக் கொடுப்பவராக இருந்தால் பேட்டரின் சராசரியில் 30 கழிக்கலாம். நாலரைக்கு மேல் கொடுத்தால் 30 கூட்டலாம். இது நாங்களே வைத்த விதி, மாற்றிக்கொள்ளலாம். ஓடுபவர்களுக்குப் புளியங்கொட்டை. ஒரு பேஸ் அடிக்கு எல்லோரும் ஒரு கட்டம் நகர்வார்கள். இரண்டாம் பேஸில் நிற்பவர் மட்டும் ரன்னாகிவிடுவார். மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸ்.

வில்லியம்ஸின் கதையை அவன்தான் எனக்குச் சொன்னான், பாதி தமிழில். அந்த ஆண்டின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி .39955. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் .400 என்று முழுதாக்கியிருப்பார்கள். அவர் அன்று இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டுக்கு ஆறு ஹிட்.

"இவரைவிடப் பெரியவர் இல்லையா?" என்று கேட்டேன். ஜாஷ் கிப்சன் என்றான். கறுப்பர் என்பதால் பெரிய லீக்குகளில் அவருக்கு இடமில்லை. 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். அதே ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்துக் களமிறங்கினார். கறுப்பர் லீக்குகளின் கணக்கை 2024 மே மாதம்தான் அதிகாரபூர்வப் புத்தகத்தில் சேர்த்தார்கள். உடனே கிப்சனின் வாழ்நாள் சராசரி .372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367-ஐத் தாண்டிவிட்டது. வரவு வைக்காமல் விட்ட தொகையை இத்தனை வருஷம் கழித்து ஏற்றிய கணக்கு! தணிக்கைக்காரனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

எங்கள் கட்டில் கிப்சன் இல்லை. கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி, பின்புறம் 1943-ஆம் ஆண்டுச் சராசரி .466 என்று எழுதினோம். ஹிட்டுகளின் பங்கீட்டுக்கு வில்லியம்ஸின் சீட்டையே கடன் வாங்கினோம். முன்புறம் முகத்தை வரைந்தவள் பாட்டி. மூக்கு கொஞ்சம் கோணல்.

இப்போது ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அவனுக்குச் சனி இரவு ஒன்பதரை, தொலைபேசி வரும். பையை நான் குலுக்குகிறேன், ஸ்கோரை அவன் எழுதுகிறான். போன வாரம் எட்டாவது இன்னிங்ஸில் கிப்சனுக்கு 466 வந்தது. "தாத்தா, நீங்க அவுட்! ஒண்ணே ஒண்ணுல போச்சு!" என்று கத்தினான். இன்னும் ஓர் இன்னிங்ஸ் பாக்கி இருக்கிறது.